வாசற்படி தாண்டிய வைத்தியம்

என் செல்ல மகனுக்கு, அம்மாவின் சலாமும் துஆவும்.

முதலில் பயப்படாதே. சோற்றுப் பானை மூடிமேல் இந்தக் காகிதங்களைப் பார்த்ததும் உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் நன்றாக இருக்கிறேன். காலை பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிறேன், சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுவேன். தனியாகத்தான் போகிறேன். உன் பெண்டாட்டி ரஹீமாவுக்கு எல்லாம் தெரியும், அவள்மேல் பாயாதே, நான்தான் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். சோறு வடித்து, மீன் குழம்பு வைத்து, உனக்குப் பிடித்த கத்தரிக்காயும் வதக்கி வைத்திருக்கிறேன். தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி. நேரில் பேசலாம் என்று வந்தால் ஒவ்வொரு தடவையும் நீ செருப்பை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் நழுவிவிடுகிறாய். காகிதத்தை விட்டு நழுவ முடியாது பார்.

வடக்கே உருக்காலை கட்டுகிற இடத்தில் உனக்கு வேலை வந்த அன்று நம் வீட்டில் பாயசம் வைத்தோம். அடுத்த வாரமே நீ, "நான் போகலம்மா. உன்ன தனியா வுட்டுட்டு அங்க போயி நான் இன்னா வேல பாக்குறது" என்று சொல்லிவிட்டாய். சொன்ன மாத்திரத்தில், உன் அத்தாவுக்கு அண்ணன் என்கிற அதிகாரத்தோடு பெரியத்தா உன் முதுகில் தட்டிக்கொடுத்தார். தெருவில் இரண்டு பேர் என்னிடம் வந்து, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மட்டும் அவர்களோடு சேர்ந்து சந்தோஷப்படவில்லை. அந்தப் பாராட்டு எனக்குப் பழகின பாராட்டு. அதை வாங்கிக்கொண்டு நான் எத்தனை நாள் இருட்டில் உட்கார்ந்திருந்தேன் என்று உனக்குத் தெரியும், நீதானே வெளியே இழுத்து வந்தாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஜட்காவில் திரும்பும்போதெல்லாம் நீ கேட்பாய், "உள்ள இன்னாதாம்மா பண்றாங்க? ஊசியும் இல்ல, மருந்தும் இல்ல. பேசறதுக்கு ஒரு டாக்டரா?" நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பதில் சொல்லாமல் வருவேன். எனக்கே அப்போது சொல்லத் தெரியவில்லை. இப்போது ஓரளவு தெரிகிறது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் உன் வேலை விஷயத்துக்கு வருவேன், இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தப்பட்டவை.

உன் அத்தா ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, "கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார். நான் சொம்போடு வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. அதன் பிறகு நான் இத்தா இருந்தேன். புருஷனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வாசலுக்கு வராமல், நகை நட்டு போடாமல் உள்ளே இருப்பது நம் மார்க்கம் சொன்னது. அந்த நாட்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. உண்மையில் அது எனக்கு வேண்டியிருந்தது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை, அழுதால் ஏன் என்று கேட்கவில்லை. முடிந்த அன்று குளிப்பாட்டி, துணி மாற்றி, சொந்தக்காரப் பெண்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து நான் வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. மழை என்றேன், அப்புறம் ரமலான் வரட்டும் என்றேன், அப்புறம் பெருநாள் கழியட்டும் என்றேன். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது.

பெரியத்தா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார், "எங்க வூட்டு மருமவ மாதிரி யாரு கீறாங்க? இத்தா முடிஞ்சும் வாசப்படி தாண்டல." பெண்கள் என்னிடம் துஆ செய்யச் சொல்லி வர ஆரம்பித்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் நீட்டி ஓதச் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? நான் ஏதோ பெரிய பக்தியில் இருக்கிறேன் என்று ஊரும் நம்பியது, நானும் பாதி நம்பினேன். ஆனால் வாசற்படிக்குக் கிட்டே போனால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை சில்லிட்டுவிடும், மூச்சு மேலே வராது. அதை யாரிடமும் சொல்லவில்லை. நீ ஒருவன்தான் பார்த்தாய். தபால்காரர் கூப்பிட்டபோது நான் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்ததை நீ பார்த்தாய்.

டானிக் வாங்கிக் கொடுத்தாய், தாயத்து கட்டினாய். இருதயம் நன்றாக இருக்கிறது என்று பெரிய டாக்டர் குழல் வைத்துப் பார்த்துச் சொன்னார். அப்புறம்தான் யாரோ ஏரிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒரு நாள் வருகிற டாக்டரம்மாவைப் பற்றி உனக்குச் சொன்னார்கள். மனசுக்குப் பார்க்கிறவர் என்று தெரிந்ததும் பெரியத்தா குதித்தார். "பைத்தியக்கார டாக்டர்கிட்ட இட்டுகினு போறியா? நம்ம மானம் இன்னாடா ஆவறது?" என்றார். அதுவரை அவர் எதிரில் உட்கார்ந்துகூட அறியாத நீ, நின்ற இடத்திலேயே நின்று, "மானம் போனா நான் பாத்துக்கறேன் பெரியத்தா. எங்கம்மா போனா யாரு பாத்துக்கறது" என்றாய். நான் உள்ளறையில் இருந்தேன். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுத்தான் துப்பட்டியை எடுத்துப் போர்த்தினேன். இன்றைக்கு வரை அதற்கு நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். நீ என் வயிற்றில் பிறந்ததற்கு அல்லாவுக்கு எத்தனை தடவை நன்றி சொல்லியிருக்கிறேனோ, அதில் பாதி அந்த ஒரு நாளுக்காக.

டாக்டரம்மா நம் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவர். தலை முழுக்க நரை. வெளிதேசத்தில் டாக்டருக்குப் படித்து, யுத்தம் முடிந்த பிறகும் அங்கே சில வருஷம் தங்கி இந்த வைத்தியத்தைக் கற்றுக்கொண்டு வந்தவராம். ஜன்னலுக்கு வெளியே கொளவாய் ஏரி தெரிகிற சின்ன அறை. இரண்டு நாற்காலிகள், இரண்டும் ஒரே உயரம். அதுவே எனக்கு விசித்திரமாக இருந்தது. நான் என் நெஞ்சுப் படபடப்பைச் சொன்னேன், இத்தாவைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யாரும்மா உங்கள வெளிய வரக் கூடாதுன்னு சொன்னது?" என்றார். யாரும் சொல்லவில்லை என்றேன். "உங்க மார்க்கம் சொல்லுதா?" நான்கு மாதம் பத்து நாள் என்றுதான் சொல்கிறது என்றேன். எனக்குக் கோபம் பொங்கியது. ஜட்காவில் ஏறியதும் உன்னிடம், "இனிமே நான் வர மாட்டேன், அந்தம்மாவுக்கு இன்னா தெரியும்" என்று கத்தினேன், நினைவிருக்கிறதா? நீ, "சரிம்மா. அடுத்த வாரத்துக்கு ஜட்காக்காரன்கிட்ட சொல்லிட்டேன்" என்றாய். உன் அத்தாவின் பிடிவாதம் அப்படியே உன்னிடம் இருக்கிறது.

கோபம் ஏன் வந்தது என்று ஒரு வாரம் யோசித்தேன். அல்லா ஒரு கணக்கு வைத்து இத்தோடு போதும் என்று முடித்த காரியத்தை, நான் என் இஷ்டத்துக்கு நீட்டிக்கொண்டு, பழியை அல்லாவின்மேல் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி அதைத் தொட்டுவிட்டது. அதனால்தான் சுட்டது. பின்னால் ஒரு நாள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டேன், இப்படி ஒரு டாக்டரிடம் போகலாமா என்று. அவர், மார்க்கம் விதித்ததற்கு மேல் விதித்துக்கொள்வதில் நன்மை ஒன்றும் இல்லை, தாராளமாகப் போகட்டும் என்று சொல்லி அனுப்பினார். பெரியத்தா அதற்குப் பிறகு தடுக்கவில்லை.

இந்த வைத்தியத்துக்கு வெளிதேசத்துப் பாஷையில் வாய்கொள்ளாத பெயர் ஒன்று இருக்கிறது. தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "இருக்கறதப் பத்தின வைத்தியம்னு வெச்சுக்குங்க" என்றார். "நான் இருக்கேன். ஒரு நாள் இருக்க மாட்டேன். நடுவுல கிடைச்ச நாள என்ன பண்ணப் போறேன்? மனுஷனாப் பொறந்த எல்லாருக்கும் இந்தச் சிக்கல் இருக்கு, இது வியாதி இல்ல. இதப் பாக்காம ஓடிட்டே இருந்தா, சில பேருக்கு அது வியாதி மாதிரி வந்து நிக்கும்." வேறு சில மனசு டாக்டர்கள் சின்ன வயசுக் கதையைத் தோண்டுவார்களாம், கனவுக்கு அர்த்தம் சொல்வார்களாம். இவரும் பழைய கதையைக் கேட்டார், ஆனால் சுற்றி வளைத்துக் கடைசியில், இப்போது நீ எப்படி இருக்கிறாய், இனிமேல் எப்படி இருக்கப் போகிறாய் என்பதில்தான் வந்து நிற்பார்.

எல்லோரும் என்னிடம், அதையே நினைக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும், "இங்க உக்காந்து நினைங்க, நான் கூட இருக்கேன்" என்றார். அப்படி நினைக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, நான் உன் அத்தாவுக்காக மட்டும் அழவில்லை. தண்ணீர் கொண்டுவருவதற்குள் ஒரு மனுஷன் போய்விட முடியும் என்றால், நானும் அப்படித்தான் போவேன். தெருவில், கூட்டத்தில், முகம் தெரியாதவர்கள் நடுவில் விழுந்துவிடுவேன். அந்தப் பயத்துக்குத்தான் நான் பக்தி என்று பெயர் வைத்திருந்தேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. டாக்டரம்மா, "எனக்கும் அந்தப் பயம் இருக்கும்மா" என்றார். குண்டு விழுந்த ஊரில் இருந்தவர் அவர். பயம் போக என்ன செய்வது என்று கேட்டதற்கு, முழுசாகப் போகுமா என்று தனக்கும் தெரியாது என்றார். தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர் அவர்தான். அன்றிலிருந்து அவர் சொல்வதை நம்ப ஆரம்பித்தேன்.

வீட்டுக்குக் கொடுத்த மருந்து ஒன்றே ஒன்று. தினமும் ஒரு காரியத்தை யாரையும் கேட்காமல் நானே தீர்மானிக்க வேண்டும். இது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தேன். மறுநாள் அடுப்படியில் நின்று என்ன குழம்பு வைப்பது என்று யோசித்தால், எனக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து உன் அத்தாவைக் கேட்டேன், அவர் போன பிறகு உன்னைக் கேட்டேன். அவருக்குப் பிடிக்கும் என்று வாரா வாரம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன், அவர் போன பிறகும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அவரை மறந்த மாதிரி ஆகிவிடுமே என்று. அந்த வாரம்தான் எனக்குக் கருவாடு பிடிக்காது என்று கண்டுபிடித்தேன். நீ தட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கும் புடிக்காதும்மா, உனக்குக் கஷ்டமா இருக்கும்னு துன்னுகினு இருந்தேன்" என்றாயே. பிடிக்காத கருவாட்டை ஒருவர்மேல் ஒருவர் பாசம் வைத்து ஒன்றரை வருஷம் தின்றிருக்கிறோம். இதைச் சொன்னபோது டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

ஏரிக்கரை நாளை நீ மறந்திருக்க மாட்டாய். பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, கரை வரைக்கும் நடந்துவிட்டு வரலாமா என்று கேட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். "பயத்தையும் கூட்டிட்டு வாங்க, அதுக்கும் கொஞ்சம் காத்து வேணும் இல்ல" என்றார். பாதி வழியில் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. "செத்துப் பூடுவேன் போல கீதும்மா" என்றேன். ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லவில்லை. "ஒரு நாள் செத்துத்தான் போவோம், நீங்களும் நானும். அது இன்னிக்கான்னு தெரியாது. கரை வரைக்கும் போய்ப் பாத்துடலாமா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அத்தா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். நீ ஜட்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். நான் தடுமாறியதையும் பார்த்தாய். ஓடி வந்து கையைப் பிடிக்க உனக்கு எவ்வளவு துடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும், குதிரையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நீ வரவில்லை. நான் போய்விட்டுத் திரும்பி வந்தேன். நீ எனக்குச் செய்ததிலேயே பெரிய உதவி அன்றைக்கு வராமல் நின்றதுதான் மகனே.

எல்லோருக்கும் இது சரிப்படும் என்று நினைத்துவிடாதே. காதில் யாரோ பேசுவது கேட்கிறவர்கள், சோறு தண்ணி இல்லாமல் சுருண்டு கிடக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் முதலில் மருந்து வேண்டும், பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன் என்று டாக்டரம்மாவே சொன்னார். துக்கத்தில் நின்றுபோனவர்கள், சாவைக் கண்டு மிரண்டவர்கள், வேலையை விட்டோ ஊரை விட்டோ வந்து இனி எதற்கு இருக்கிறோம் என்று தெரியாமல் முழிக்கிறவர்கள், எந்த வழியில் போவது என்று தீர்மானிக்க முடியாதவர்கள், இவர்களுக்குத்தான் இது பயன்படுமாம். அந்தக் கடைசி வகையைப் படிக்கும்போது உன் கை சோற்றில் அப்படியே நின்றிருக்கும். நில், வருகிறேன்.

இன்றைக்கு மாமல்லபுரத்தில் ஜமீலாவின் இத்தா முடிகிறது. கால்வாய்க் கரையில் நம் சவுக்குக் கட்டைகளைப் படகில் ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த காதரின் மனைவி. போன மாதம் நீயும் நானும் போய்ப் பார்த்தோமே, அப்போது நீ வெளியே படகுக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தாய். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சதும் நான் எங்கக்கா போறது? வெளிய வந்தா அவரு இல்லாத தெருவுல இல்ல நடக்கணும்" என்றாள். ஒன்றரை வருஷம் எனக்குச் சொல்லத் தெரியாததை அவள் ஒரே பேச்சில் சொல்லிவிட்டாள். "நான் வரேன் ஜமீலா. வாசப்படிகிட்ட நிக்கிறேன். நீ வந்தா கடல் வரிக்கும் நடக்கலாம். வரலன்னா நான் உள்ள வந்து உக்காந்துக்கறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குத்தான் இன்றைய பயணம். நம் தெருவிலும் இரண்டு வீடுகளுக்கு இப்படிப் போயிருக்கிறேன், பெரியத்தா அது என்ன புதுப் பழக்கம் என்று முனகினார். என்னை எதிர்பார்த்து ஒருத்தி வாசலில் இருக்கிறாள் என்று தெரிந்தால் பஸ் படியில் காலை வைக்க முடிகிறது. நெஞ்சு இப்போதும் கொஞ்சம் அடிக்கிறது. அடிக்கட்டும்.

இப்போது உன் விஷயம். போன வாரம் அடுப்படியில் ரஹீமா என்னிடம், "மாமி, அவரு பயந்துகினு கீறாரு. உங்க பேரச் சொல்லிகினு ஒளிஞ்சிக்கிறாரு" என்றாள். நேராகப் பேசுகிற பெண்ணைத்தான் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாய், பத்திரமாக வைத்துக்கொள். அவள் சொன்னதும் எனக்குப் புரிந்தது. நான் இத்தாவுக்குப் பின்னால் நின்ற மாதிரி, நீ எனக்குப் பின்னால் நிற்கிறாய். ஊரும் அதே மாதிரி பாராட்டுகிறது. தெரியாத ஊர், தெரியாத பாஷை, போய்த் தோற்றுவிட்டுத் திரும்பினால் பெரியத்தா என்ன சொல்வார் என்கிற பயம், இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் டாக்டரம்மா என்னைக் கேட்ட கேள்வியை நான் உன்னைக் கேட்க வேண்டியிருக்கிறது. யாருப்பா உன்னைப் போகக் கூடாது என்று சொன்னது?

போ என்று நான் உத்தரவு போட மாட்டேன். போகவில்லை என்றால், எனக்கு அந்த வேலை வேண்டாம் என்று சொல், எனக்கு இந்த ஊர் போதும் என்று சொல், நான் மறு பேச்சுப் பேச மாட்டேன், சந்தோஷமாகக் கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருப்பேன். அம்மாவுக்காக என்று மட்டும் சொல்லாதே. அந்தச் சுமையை என்னால் தூக்க முடியாது. நீ போனால் எனக்கு வீடு வெறிச்சென்று இருக்கும், அழுவேன், அதையும் மறைக்கவில்லை. அழுதுவிட்டு என்ன குழம்பு வைக்கலாம் என்று யோசிப்பேன். உன்னால்தான் அந்த அளவுக்கு வந்தேன். வாரா வாரம் ஜட்காவோடு வந்து, வெயிலில் நின்று, கேட்டதற்குப் பதில் சொல்லாத அம்மாவைத் திரும்பக் கூட்டி வந்தாய். அந்தப் பாடெல்லாம் வீணாகவில்லை என்று நீயே பார்க்கத்தான் இன்று தனியாகப் போகிறேன்.

உன் அத்தா வெளியூருக்குத் துணி அடுக்கிக்கொண்டு போகிற இரும்புப் பெட்டி பரண்மேல் இருக்கிறது. நான் வரும்போது அது அங்கேயே இருந்தாலும் சரி, இறங்கியிருந்தாலும் சரி, காரணம் உன்னுடையதாக இருக்கட்டும்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வராதே. ஏரிக்கரையில் அன்றைக்கு ஜட்கா பக்கத்தில் நின்றாயே, அதே மாதிரி வாசலில் நில். நான் நடந்து வருகிறேன்.

உன் அம்மா